தை மூன்றாம் கிழமைக்கான குறிப்பு

இம்தியாஸின் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால்
பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு
ஆறு பேர் உட்கார்ந்தோம்.
தலவாக்கலையில் கார்த்திகை மழை.
தகரம் பேசுகிறது, நாங்கள் அதற்கு மேல் கத்துகிறோம்.

சுவரில் கூன்மலையின் வடக்கு முகம்.
தேவசகாயம் எடுத்த போட்டோ,
நாலு தாளில் பிரின்ட் போட்டு ஒட்டியது.
ஒட்டின இடத்தில் பாறை
ஒரு விரல் அளவு விலகி நிற்கிறது.
"அந்த வெடிப்பப் புடிச்சே ஏறிறலாம்" என்றாள் மோகனரூபி.
அது வெடிப்பில்லை, செலோடேப்.
சிரித்தோம்.
பிறகு எது வெடிப்பு, எது செலோடேப் என்று
அரை மணி நேரம் உண்மையாகவே பார்த்தோம்.

தை மூன்றாம் கிழமை.
மழை விட்டிருக்கும், பனி கொட்டும்.
நானுஓயாப் பக்கம் கொழுந்து கருகும்.
கருகினால் தோட்டத்தில் வேலை குறையும்,
வேலை குறைந்தால் ரூபிக்கு லீவு.
தேயிலை எரிகிற நாளில்தான்
நாங்கள் ஏறலாம்.
இதை நோட்டில் எப்படி எழுதுவது?
'தேதி: பனியைப் பொறுத்து.'

கயிறு: நாற்பது மீட்டர்.
கித்துல்கலையில் படகு விடுகிறவர்களிடம்
தேவசகாயம் கெஞ்சி வாங்கியது.
எத்தனை வருஷம் தண்ணீரில் கிடந்ததோ.
சமிந்த அதை ஒரு நுனியிலிருந்து
கண்ணை மூடித் தடவிக்கொண்டே போனான்,
மின்சார சபையில் வயர் பார்க்கிற கை.
பதினேழாவது மீட்டரில் நின்றது.
ஒன்றும் சொல்லவில்லை, கத்தி கேட்டான்.
இப்போது எங்களிடம் இரண்டு கயிறு,
இரண்டும் உதவாது.
புதிதுக்கு ஆளுக்கு எட்டாயிரம்.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எடை: சிமெந்து நிறுக்கிற தராசில்
ஒவ்வொருவராக ஏறினோம்.
நான் எண்பத்தொன்று. ரூபி நாற்பத்து மூன்று.
என்னை யார் பிடிப்பது என்ற கேள்வி
கொஞ்ச நேரம் அந்தரத்தில் தொங்கியது.
"நான் புடிக்கிறேன் டீச்சர்.
தெனம் இருவது கிலோ தலையில தொங்குது,
நீங்க என்ன, நாலு கூடை."
"அப்ப மொதல்ல ஒன்ன பாறையோட கட்டணும்"
என்றான் தேவசகாயம். அதையும் எழுதினேன்.

திரும்புவது பதினொரு மணிக்கு.
உச்சி பத்தடியில் இருந்தாலும்.
எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.
நவரத்தினம் மட்டும் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேட்டான்:
"எட்டடியில இருந்தா?"

வீட்டில் என்ன சொல்வது?
அதற்குத்தான் அதிக நேரம் போனது.
நுவரெலியாவில் ஒரு கலியாணம்.
பொண்ணு? என்னோடு படிப்பிக்கிறவள்.
பேர்? எழிலரசி.
மாப்பிள்ளை? கட்டாரில், நல்ல பிள்ளை.
மண்டபத்துக்கும் பேர் வைத்தோம்,
சாப்பாட்டில் கத்தரிக்காய் மோஜுவும் வைத்தோம்.
அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கொஞ்சம்
பிரியமே வந்துவிட்டது.
"கேக்கு?" என்றான் சமிந்த,
"கலியாணத்துக்குப் போனா வீட்ல கேக்கு கேப்பாங்க."
பட்டியலில் கொக்கிகளுக்கும் டோர்ச் பெட்டரிக்கும் நடுவில்
தங்கத் தாளில் சுற்றிய கேக், ஐந்து துண்டு.

"நேராச் சொன்னா என்ன?" என்றார் இம்தியாஸ்.
முழங்கால் தேய்ந்த மனிதர், அவர் ஏறவில்லை.
ரூபி சொன்னாள்:
"மலைக்குப் போறேன்னு சொன்னா
எங்கம்மா எத்தனாம் நம்பர்னு கேப்பா."

கடைசிப் பக்கம்.
ஏதும் நடந்தால் அறிவிக்க வேண்டியவர்:
ஐந்து பேருக்கும் ஒரே நம்பர், இம்தியாஸ்.
அவர் வாங்கிப் பார்த்தார்,
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"சரி. எனக்குச் சொல்லுவாங்க.
நான் யாருக்குச் சொல்றது,
எழிலரசிக்கா?"

மழை கொஞ்சம் விட்டிருந்தது, அதனால்
எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது.

ரூபிதான் முதலில் பேனாவை எடுத்தாள்.
அம்மாவின் நம்பரை மெதுவாக எழுதி
கடைசி இரண்டு இலக்கத்தில் நிறுத்தினாள்.
"மிச்சத்த,
அன்னைக்குக் காலையில சொல்றேன்."